கடைசிப் பாட்டுக்கு எழும்புகிறவர்கள்

2017 ஓகஸ்டில் ஜப்பானிய உயர்நிலைப் பாடசாலைகளின் நடனக் குழுக்களுக்கென்று நடந்த போட்டியில் ஒசாக்காவின் தொமியோக்கா பாடசாலைக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. முதலிடம் பெற்ற குழுவைப் பற்றி ஜப்பானுக்கு வெளியே யாரும் பேசவில்லை. இரண்டாம் இடத்தின் ஆட்டமோ சில மாதங்களுக்குள் உலகின் பாதிக் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளைகள் தோள்பட்டை உயர்த்தித் தைத்த பளிச்சென்ற கோட்டுகளோடும் சிவந்த உதட்டுச் சாயத்தோடும் மேடையேறியிருந்தார்கள். ஆடியது ஒகினொமே யோகோ 1985இல் பாடிய 'டான்சிங் ஹீரோ' என்ற பாட்டுக்கு. அதுவும் ஜப்பானியச் சரக்கன்று. அஞ்சி கோல்ட் என்ற ஆங்கிலப் பாடகியின் பாட்டு ஒன்றுக்கு ஜப்பானியச் சொற்களைப் பூட்டியது. ஆடிய பிள்ளைகள் எவரும் அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திருக்கவில்லை. பார்த்துக் கண் கலங்கியவர்கள் அவர்களுடைய தாய்மாரின் வயதுக்காரர்.

அந்தக் கோட்டும் சாயமும் ஜப்பானியரின் நினைவில் ஒரு காலத்தின் அடையாளங்கள். 1989 டிசெம்பர் 29 அன்று தோக்கியோவின் நிக்கேய் பங்குச் சுட்டெண் 38,915 வரை ஏறி நின்றது. அதன் பின்னர் விழுந்தது விழுந்ததுதான். அந்த உயரத்தை மறுபடி தாண்ட 2024 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விசிறியோடு மேடையேறி ஆடும் பழக்கத்தைப் பரப்பிய 'ஜூலியானாஸ் தோக்கியோ' என்ற நடனசாலையைச் செல்வக் கொழிப்பின் சின்னம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அது திறக்கப்பட்டது 1991 மே மாதத்தில், பங்குச் சந்தை சரிந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. மூன்றே ஆண்டில் மூடப்பட்டும் விட்டது. நடுவயதுக்காரரின் நினைவு பணம் இருந்த காலத்தையும் ஆட்டம் இருந்த காலத்தையும் ஒன்றாக முடிந்து வைத்துக்கொண்டது. ஆண்டுக் கணக்கு அதற்குத் தேவைப்படவில்லை.

இதே கணக்குப் பிசகைக் கொழும்பின் காலி வீதியிலும் பார்க்கலாம்.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழ்க் கல்யாண வரவேற்புகளுக்கு ஏறத்தாழ ஒரே ஒழுங்கு. மணமக்கள் வருகை, கேக் வெட்டுதல், வாழ்த்துரை, படமெடுக்க வரிசை, சாப்பாடு. இசைக்குழு முதலில் எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளை மெல்லப் பாடும். இளையவர்களுக்காக அனிருத்தின் பாட்டுகள் சில வரும். மணமக்களின் நண்பர்கள் ஆடுவார்கள், பெரியவர்கள் கதிரையில் இருந்து பார்ப்பார்கள். முடிகிற நேரத்தில் தாளம் மாறும். 'சின்ன மாமியே' தொடங்கும், அதிலிருந்து மூச்சுவிடாமல் 'சுராங்கனி'க்குப் போகும், நடுவே பைலா என்ற சிங்கள ஆட்டப் பாட்டு ஒன்று நுழையும். கதிரைகள் காலியாகத் தொடங்குவது அப்போதுதான். ஐம்பது தாண்டிய சித்தப்பாமார் ஜக்கெற்றைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். பட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமிமார் வருவார்கள். முழங்கால் நோவென்று கோயிலில் பிரகாரம் சுற்றாதவர்களும் அதில் உண்டு.

இன்று ஐம்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்கள் 1965க்கும் 1975க்கும் இடையில் பிறந்தவர்கள். இந்தப் பாட்டுகள் புதிதாக இருந்தபோது அவர்கள் பாலர் வகுப்பில் இருந்தார்கள், அல்லது பிறக்கவே இல்லை. ஆடும் வயதான பதினெட்டு அவர்களுக்கு வந்தது 1983க்கும் 1993க்கும் இடையில். கொழும்பில் தமிழர் இரவு ஏழு மணிக்கு மேல் வீதியில் ஆடித் திரிந்த காலம் அதுவன்று. அப்படியானால் இவர்கள் எந்த இளமையை நினைத்து எழும்புகிறார்கள்?

பைலாவின் தாளத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1505இல் வந்த போர்த்துக்கேயரை 1658இல் ஒல்லாந்தர் முற்றாக வெளியேற்றினார்கள். ஆட்சியாளர் போனாலும் அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து போர்வீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தவர்களின் வழிவந்தோரும், போர்த்துக்கேயக் கலப்பில் உருவான பரங்கியரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் 'மாஞ்ஞா' என்ற பாடலாட்டத்தை இன்றும் வைத்திருக்கின்றன. மட்டக்களப்புப் பரங்கியர் வீட்டில் ஒரு வகைப் போர்த்துக்கேயமும் வெளியே தமிழும் பேசியவர்கள். அவர்களுடைய கல்யாணங்களில் 'கபிரிஞ்ஞா' ஆடுவது வழக்கம். கொழும்பில் பைலாவுக்குப் பெயர் வரும் முன்னரே மட்டக்களப்புத் தமிழரின் காதில் அந்தத் தாளம் தலைமுறை தலைமுறையாக விழுந்துகொண்டிருந்தது. பைலாவைத் தமிழர் சிங்களவரிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்று பொதுவில் சொல்லப்படுவது பாதிதான் சரி. இரு சாராருக்கும் கடன் கொடுத்தவர் வேறொருவர்.

தாளத்தின் உள்ளமைப்பு எளிது. ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகப் பிரிந்து, முதலாவதிலும் நான்காவதிலும் கால் விழும். அதே ஆறை இரண்டிரண்டாகப் பிரித்து இன்னொரு வாத்தியம் மேலே ஓடும். காலுக்கு இரண்டு, கைக்கு மூன்று. இந்த இழுபறிதான் இடுப்பை அசைக்கிறது. ஆபிரிக்கப் பங்கு அதில்தான் இருக்கிறது. கீழே உள்ள மும்மூன்று நடையோ தமிழ்க் காதுக்குப் பழையது. கும்மி அதில்தான் நடக்கிறது, காவடிச்சிந்து அதில்தான் நடக்கிறது; கர்நாடக இசைக்காரர் அதைத் திஸ்ர நடை என்பார்கள். சங்கீத வகுப்புப் பக்கமே போகாத ஒருவர் பைலாவைக் கேட்ட உடனே கைதட்டச் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதை மேடைப் பாட்டாக்கியவர் வொலி பஸ்தியன்ஸ். பொலிஸ் சேவையில் இருந்தவர், 1985இல் காலமானவர். சிங்களத்தில் கூட்டுக் குரல் பல்லவியோடு பைலாவை அமைத்தவர் அவர் என்பதால் பைலாவின் தந்தை என்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே 'வாத பைலா' என்ற போட்டிப் பாட்டும் வளர்ந்தது. இருவர் மேடையில் எதிரெதிராக நின்று, கொடுத்த பொருளில் உடனுக்குடன் அடி கட்டி ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். தமிழ்நாட்டு லாவணிக்காரர் பார்த்திருந்தால் பங்காளி என்று கட்டிப்பிடித்திருப்பார்கள். எம். எஸ். பெர்னாண்டோவுக்குப் பைலாச் சக்கரவர்த்தி என்ற பட்டம் வந்தது. அறுபதுகளில் ஹரி பெலபொன்டேயின் கலிப்சோ இசைத்தட்டுகள் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது, மூன்று கிற்றார்களை வைத்துக்கொண்டு ஸ்பானியப் பெயர் சூட்டிக்கொண்ட குழுக்கள் ஊரெங்கும் முளைத்தன. 'லொஸ் கபலெரோஸ்', 'லா சிலோனியன்ஸ்' எல்லாம் அந்த வகை. ஸ்பானிய மொழி அறிந்தவர் அக்குழுக்களில் இருந்தார்களா என்பது யாரும் கேட்காத கேள்வி. கோல்பேஸ் ஹோட்டலின் 'கொக்கனட் குரோவ்' இரவு விடுதியில் 'ஜெட்லைனர்ஸ்' வாசித்தார்கள். டெஸ்மண்ட் டி சில்வா பாடினார். 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவில் கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குள் கொண்டுவந்தார்.

தமிழ்ப் பக்கம் இதே காலத்தில் இரண்டு வாசல்கள் திறந்தன. திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் சொந்த மெட்டில் தமிழ்ப் பாட்டுகளைப் பாடி இசைத்தட்டும் வெளியிட்டார்கள். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் விவசாயம் கற்றவர். அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரிக் காலத்தில், அறுபதுகளின் கடைசியில், மாணவர் கூடங்களில் கிற்றாரோடு பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே' அவருடையது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பதும் அவருடையதே. மதுவுக்கு எதிராக எழுதப்பட்ட அந்தப் பாட்டுக்குக் கையில் கிளாஸோடு ஆடுகிறவர்களே கூட்டத்தில் அதிகம். பாட்டைக் கேட்டு யாரும் கிளாஸைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. எஸ். ராமச்சந்திரன், ஸ்டான்லி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று பெயர்கள் சேர்ந்தன. எல்லாருக்கும் மேலே, தலைமுடியும் கிருதாவும் குரலும் ஒன்றுக்கொன்று போட்டி போட, ஏ. இ. மனோகரன் வந்தார். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று இலங்கையிலும் சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டிலும் அறியப்பட்டவர் அவர்தான்.

எழுபதுகளில் இந்தப் பாட்டுகள் பெருகியதற்குத் திறமை மட்டும் காரணமன்று. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதிகளை இறுக்கியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகை, உள்ளூர் நாவல், உள்ளூர்த் தமிழ்ப் படம் ஆகியவற்றுக்குக் கிடைத்த இடைவெளி பாட்டுக்கும் கிடைத்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் மனோகரன் நடித்தார் என்பதைப் பார்த்தால், பொப் பாடகரும் நாவலாசிரியரும் ஒரே சிறு சந்தைக்குள் எவ்வளவு நெருக்கமாக உலாவினார்கள் என்பது புரியும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இன்னொரு பக்கம். எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் ஈழத்து மெல்லிசைக்கு ஓர் இலக்கியத் தரத்தை உண்டாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அதே கட்டடத்தின் அலைவரிசையில் பொப் பாட்டும் போயிற்று. மெல்லிசைக்கு மரியாதை கிடைத்தது, பொப்புக்கு நேயர் கிடைத்தார்கள். பொப் பாட்டைக் கூத்தடிப்பு என்று ஒதுக்கிய விமர்சகர்கள் அன்று பலர். அவர்களுடைய பிள்ளைகளைத்தான் இன்று மண்டபத்தின் நடுவில் காண முடிகிறது.

எல்லாத் தமிழரும் ஒரே வேகத்தில் எழும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கத் தமிழர், பரதர் குடும்பங்கள், பரங்கி அயலவர் ஆகியோருக்குக் கல்யாணத்தில் ஆடுவது புதிதன்று. தேவாலயப் பூசை முடிந்தால் மாலையில் வோல்ட்ஸ், அதன் பின் பைலா. யாழ்ப்பாணச் சைவக் குடும்பங்களுக்கு ஆட்டம் மேடையில் பரதநாட்டியமாக இருந்தால் மட்டுமே சம்மதம். கால் மேடையை விட்டிறங்கித் தரைக்கு வருவது ஒழுக்கக் கேடாகத் தெரிந்த வீடுகள் ஏராளம். ஆகவே சங்கீத வகுப்பின் ஊரான வெள்ளவத்தை கேட்டது, துறைமுகத்தின் ஊரான கொட்டாஞ்சேனை ஆடியது என்று சுருக்கிச் சொன்னால் பெரிய பிழையில்லை. இரண்டுக்கும் தெற்கே தெஹிவளை. காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ் மொறட்டுவையில் புறப்பட்டுப் புறக்கோட்டைக்குப் போகும். 'ஜிப்சீஸ்' குழுவையும் சுனில் பெரேராவையும் தந்த பைலாவின் ஊர் மொறட்டுவை. பஸ் தெஹிவளைக் கால்வாயைத் தாண்டினால் தமிழ்க் கடைப் பலகைகள் தொடங்கும். பஸ்ஸுக்குள் ஓடும் பாட்டு கால்வாயில் நிற்பதில்லை.

ஆண்களுக்கு இன்னொரு பயிற்சிக் களமும் இருந்தது. 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கிய பரி. தோமஸ் கல்லூரி 1918இல் கல்கிசைக்கு இடம்பெயர்ந்தது. அக்கல்லூரிக்கும் றோயல் கல்லூரிக்கும் 1879 முதல் நடந்துவரும் கிரிக்கெற் ஆட்டம் மார்ச் மாதத்தில் வரும்போது, பழைய மாணவர் கூடாரங்களில் 'பப்பரே' வாத்தியக்காரர் எக்காளமும் பறையுமாக வாசிப்பது பெரும்பாலும் பைலா மெட்டைத்தான். வங்கி முகாமையாளர், வழக்கறிஞர், சத்திரசிகிச்சை நிபுணர் என்று பாராமல் ஐம்பது வயது ஆண்கள் வெயிலில் ஆடுவதற்கு இந்நாட்டில் சமூக அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான். அதே அனுமதியைப் பெண்களுக்கு வாங்கிக் கொடுத்தது கல்யாண வரவேற்பு. அதற்கு இன்னும் இருபது ஆண்டாவது பிந்தியது.

ஜப்பானுக்கு மீண்டும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது, இம்முறை பாட்டுக்காக அன்று. ஜப்பானிய நடன இசை கொழும்புத் தமிழரை எட்டவே இல்லை என்று சொல்லலாம். ஜப்பானிய இயந்திரம் எட்டியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் முதல் விடுமுறையில் தோளில் சுமந்து வந்தது நஷனல் பனசொனிக், சன்யோ, சார்ப் என்று பெயர் பொறித்த றேடியோ கசெற் பெட்டி. கசெற்றைக் கண்டுபிடித்தது ஒல்லாந்தின் பிலிப்ஸ். வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்கள் ஜப்பானியர். காலி வீதியில் ஒலிப்பதிவுக் கடைகள் வரிசையாகத் திறந்தன. கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் தொண்ணூறு நிமிட நாடாவில் பதித்துத் தருவார். ஒரு பக்கம் இளையராஜா, மறு பக்கம் மனோகரன், மிச்ச இடத்தில் ஒரு சிங்களப் பைலா என்பது எழுதாத சட்டம். டொயோட்டா ஹைஏஸ் வான்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இரவோடிரவாக ஓடியபோது சாரதியின் தூக்கத்தை விரட்டியதும் இதே நாடாதான். 1982இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் 'ஒஷின்' தொடர் வந்து தெஹிவளைத் தாய்மாரையும் அழவைத்தது. ஜப்பான் வீட்டு மண்டபத்துக்குள் கண்ணீராக வந்தது, ஆட்டமாக வரவில்லை.

அடுத்த இயந்திரம் 1985இல் வந்தது. ரோலன்ட் நிறுவனத்தின் ஒக்டாபாட்: எட்டு றப்பர் தட்டுகள் கொண்ட ஒரு பெட்டி, குச்சியால் தட்டினால் அதோடு இணைத்த ஒலிக்கருவியிலிருந்து கொங்கா, பொங்கோ, தபேலா எல்லாம் வரும். தென்னிந்தியாவின் மெல்லிசைக் குழுக்களைப் போலவே இலங்கையின் பைலாக் குழுக்களும் அதை விழுந்தடித்து வாங்கின. யமஹா விசைப்பலகைகள் பின்னணித் தாளத்தைத் தாமே வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒற்றை ஆளே ஒரு குழுவானார். ஐந்து பேருக்குக் கொடுத்த காசு ஒருவருக்குப் போதும். இழந்தது என்ன என்பதைப் பழைய ஒலிப்பதிவைக் கேட்டால் உணரலாம். தோல் வாத்தியம் வாசித்தவர் ஆறு எண்ணிக்கையைச் சமமாகப் பிரிக்கமாட்டார். மூன்றாவதைக் கொஞ்சம் பிந்தவிட்டு நான்காவதில் வந்து விழுவார். இயந்திரம் பிந்தாது. இப்போதைய மண்டப பைலா வேகமாகவும் உரக்கவும் இருந்தும் பழைய பதிவின் குழைவு அதில் இல்லாததற்கு இதுதான் காரணம். ஆடுகிறவர்கள் அந்தக் குழைவைத் தங்கள் இடுப்பால் ஈடுகட்டிக்கொள்கிறார்கள்.

இனிக் கணக்குப் பிசகு. பொருளாதாரம் திறந்த அதே 1977இன் ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. நாடா பரவிய காலமும் பயம் பரவிய காலமும் ஒன்றே. அந்த ஆண்டிலேயே 'சுராங்கனி' இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவனின் குரலில், 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகப் படத்துக்குள் போய்ச் சேர்ந்தது. மனோகரனும் சென்னை போய்த் தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக நடித்தார். ஊரில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர் அங்கே அடிவாங்குகிறவராக அறியப்பட்டார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியா போய்ப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1983 யூலையில் வெள்ளவத்தையும் தெஹிவளையும் எரிந்தன. தப்பியவர்கள் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள், அங்கிருந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். பயணப் பையில் நாடாவும் போயிற்று. இன்னும் வயதாகாத பாட்டுகள் ஒரே வாரத்தில் பழைய பாட்டுகளாகிவிட்டன. பாட்டு பழசாவதற்கு வழக்கமாக ஒரு தலைமுறை வேண்டும். இங்கே அதற்குக் கலவரம் போதுமாயிருந்தது.

கொழும்பில் தங்கியவர்களுக்கும், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து தொண்ணூறுகளில் தெஹிவளை மாடிவீடுகளுக்கு வந்தவர்களுக்கும் இளமை என்பது அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் வீதித்தடையும்தான். 1996 யூலை 24 அன்று தெஹிவளை நிலையத்தில் மாலைப் புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து 64 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரணச் சனம். அதன் பின் வந்த வாரங்களில் அந்தப் பாதையில் தமிழ் பேசிக்கொண்டு நடக்க எவருக்கும் துணிவிருக்கவில்லை. அந்த ஆண்டில் இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு இன்று ஐம்பத்துச் சொச்சம். தன் சொந்த இருபத்தைந்தை நினைத்து ஆட அவரிடம் ஒன்றுமில்லை. ஆகவே தகப்பனின் இருபத்தைந்தை எடுத்துக்கொள்கிறார்: மொறட்டுவைக் கிற்றார்காரர், பரங்கிப் பாடகி, உரும்பிராய்ப் பாட்டுக்காரர், எல்லாரும் ஒரே மேடையில் நின்ற ஒரு கொழும்பு. ஜூலியானாஸ் நடனசாலையைச் செல்வ காலத்துக்குள் தள்ளி வைக்கும் தோக்கியோக்காரர் தன் சொந்த இளமையின் தேதியை மாற்றுகிறார். தெஹிவளைக்காரருக்கு மாற்ற ஒரு தேதிகூடக் கிடையாது.

அந்தக் கொழும்பு கற்பனையா? முழுக்க அல்ல. சிங்களச் சினிமாவின் மெட்டுகளில் பெரும் பங்கை அமைத்த ஆர். முத்துசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சிங்களப் பாட்டுகளின் பின்னே வயலினும் சக்சபோனும் வாசித்து மெட்டும் போட்ட றொக்சாமி தமிழர். சிங்களப் பௌத்தப் பாட்டுகளால் புகழ்பெற்ற மொகிதீன் பேக் சேலத்திலிருந்து வந்த முஸ்லிம். மேடைக்குப் பின்னே கலப்பு உண்மையாகவே இருந்தது. ஆனால் அதே கொழும்பில்தான் 1956இல் சிங்களம் மட்டும் சட்டமாயிற்று, 1958இல் வீடுகள் எரிந்தன, 1972 அரசியலமைப்பு வந்தது. இலங்கையை எல்லாருக்கும் பொதுத் தாய்நாடாகப் போற்றி மனோகரன் பாடியபோது அது ஏற்கெனவே விவாதத்துக்குரிய கூற்று. வாத்தியக்காரர் நட்பாக இருந்தது அரசு நட்பாக இருந்ததற்குச் சான்றாகாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற 'அந்தக் காலத்தில் பிரச்சினையே இல்லை' என்ற பேச்சு வரவேற்பு மண்டபங்களில் அடிக்கடி கேட்கும். பாட்டு நிற்கிற இடைவெளிகளில் மட்டும்தான் கேட்கும் என்பது ஓர் ஆறுதல்.

ஜப்பானில் நடந்த இன்னொன்று இங்கே நடக்கவில்லை. தகேஉச்சி மரியா 1984இல் பாடிய 'பிளாஸ்டிக் லவ்' முப்பது ஆண்டு கழித்து இணையத்தில் மறுபிறப்பெடுத்தபோது, அதைக் கேட்டுருகியவர்களில் பலர் ஜப்பானைக் கண்டதே இல்லாத வெளிநாட்டு இளைஞர்கள். 'டான்சிங் ஹீரோ' அதற்கு முன்னரே அயிச்சி, கிஃபு பக்கத்து ஊர்களில் ஆடிமாதத்து முன்னோர் விழாவான பொன் நடனத்துக்குள் நுழைந்திருந்தது. பாட்டிமார் கோபுர மேடையைச் சுற்றி அதற்கு ஆடுகிறார்கள். அங்கே பழைய ஆட்டப் பாட்டு மேலேயும் போயிற்று, கீழேயும் போயிற்று. ஈழத்துப் பொப் பாட்டோ இரண்டுக்கும் நடுவே, குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறது. புலம்பெயர்ந்த நகரங்களின் ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் இராப்போசனம், அறுபதாம் கல்யாணம் என்று அதன் மேடைகள் எல்லாம் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் கூடும் இடங்கள். அந்நியர் முன் ஆடப்படாததால்தான் ஐம்பது வயதுக்காரருக்கு அது வசதி.

உடம்புக்கும் அது வசதி. குத்துப்பாட்டுக்குக் குந்தி எழும்ப வேண்டும், குதிக்க வேண்டும். பைலாவில் கால் தரையை விட்டு அதிகம் எழும்புவதில்லை. பக்கவாட்டில் இரண்டடி, இடுப்பில் ஒரு திருப்பம், கைகள் தோளுக்கு மேலே. பயிற்சி தேவையில்லை, சோடி தேவையில்லை, சேலை குறுக்கே நிற்காது. மூச்சு வாங்கினால் கைகளை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாலும் வட்டத்துக்குள் இருப்பதாகவே கணக்கு. நீரிழிவுக்கு நடக்கச் சொல்லும் வைத்தியர்கள் இதைப் பரிந்துரைக்காதது ஆச்சரியம்தான்.

பாடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில், டெஸ்மண்ட் டி சில்வா 2022 பெப்ரவரியில். பாட்டுகளுக்கோ சட்டப்படி நீண்ட ஆயுள் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியவரின் வாழ்நாளுக்குப் பின் எழுபது ஆண்டு உரிமை தருகிறது. பஸ்தியன்ஸின் மெட்டுகள் 2055 வரைக்கும், மனோகரன் தாமே ஆக்கியவை 2088 வரைக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்குச் சொந்தம். அந்த உரிமைக்கான கட்டணத்தை மண்டபச் செலவுக் கணக்கில் காண்பது அரிது. இதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் ஒரு பாதுகாப்பை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் ஆறு எண்ணிக்கையில் விழும் ஒரு தாளத்துக்கு எவரும் உரிமை கோர முடியாது. சிறாம்பியடிக் குடும்பங்கள் இன்றும் மரப்பலகையும் சிரட்டையும் கண்ணாடிப் போத்தலும் தட்டி அதையே பாடுகின்றன. பொருள் மறந்துபோன போர்த்துக்கேயச் சொற்களில்.